அட்டையில் எழுபத்தாறு

எனக்கு நெஞ்சு வலிக்கவே இல்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். இருதய வியாதி என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவார்கள் என்று டீவி நாடகத்தில் பார்த்து வைத்திருந்தேன். நானோ உக்குவளை ஸ்டேசனிலிருந்து வீட்டுக்கு ஏறுகிற மேட்டில், கையில் அரைக் கிலோ நெத்தலியோடு, ஒன்றும் தெரியாமல் கீழே கிடந்தேன். கண் திறந்தபோது கடைக்கார நானா என் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். நெத்தலியைப் பூனை கொண்டுபோய்விட்டது.

அதற்கு முன் மூன்று மாதமாகவே மேடு ஏறினால் மூச்சு வாங்கியது. வயதானால் வாங்காதா என்று விட்டுவிட்டேன். எங்கள் பக்கத்துக் கிழவிகள் எல்லோரும் அப்படித்தான் விடுகிறோம். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். மேடு ஏறும்போது கண் இருட்டினால், வலி வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

நான் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். பிறகு பிள்ளை மடுவத்தில் ஆயாவாக இருந்தேன். வேலைக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடம் அது. பிள்ளைகளுக்குக் கதை வாசித்து வாசித்தே எனக்கு எழுத்து கைவந்தது. இதிலுள்ள எழுத்துப் பிழைகளை மருமகள் செல்வி திருத்தியிருக்கிறாள். மற்றப் பிழைகள் என்னுடையவை.

மாத்தளை ஆஸ்பத்திரியில் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்ட டொக்டர் இன்னொரு டொக்டரைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார். இரண்டு பேரும் கண்டிப் பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார்கள். ரயிலில் போனோம். சமாதானம் முறிந்து மறுபடி சண்டை தொடங்கியிருந்த காலம். ஸ்டேசனில் இரண்டு இடத்தில் பையைத் திறந்து காட்டி, அடையாள அட்டையை நீட்டி, அதன் பிறகுதான் ஆஸ்பத்திரி வாசலுக்கே போக முடிந்தது. வாட்டில் சேர்க்கும்போது மிஸ், அதாவது நர்ஸ், பெயர், விலாசம், வயது கேட்டாள். மூன்றையும் மடமடவென்று ஒப்பித்தேன்.

எக்கோ என்று ஒரு சோதனை. நெஞ்சில் பசை மாதிரி ஒன்றைத் தடவி, சின்னக் கட்டை ஒன்றை அழுத்தி உருட்டுகிறார்கள். வலியில்லை, குளிர்தான். பக்கத்தில் ஒரு டீவிப் பெட்டியில் என் இருதயம் கறுப்பு வெள்ளையில் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அஞ்சியோகிராம். தொடை இடுக்கில் ஊசி போட்டு, அந்த வழியாக ஒரு மெல்லிய குழாயை இருதயம் வரைக்கும் விட்டுப் பார்ப்பது. அன்று முழுவதும் காலை மடக்காமல் படுத்திருக்கச் சொன்னார்கள். அறுபது வருஷம் மலை ஏறி இறங்கிய காலுக்கு அது ஒன்றுதான் தண்டனையாக இருந்தது.

எல்லாம் முடிந்து, எங்கள் வாட்டு டொக்டரம்மா கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. நாற்பது வயது இருக்கும்.

"அம்மா, இருதயத்தில கதவு மாதிரி நாலு வால்வு இருக்கு. ரத்தம் உடம்புக்குப் போற வழியில இருக்கிற கதவு உங்களுக்குச் சுண்ணாம்பு படிஞ்சு இறுகிப் போச்சு. ஒரு ரூபாக் காசு அளவுக்குத் திறக்க வேண்டியது, இப்ப சட்டைப் பொத்தான் ஓட்டை அளவுக்குத்தான் திறக்குது. மேடு ஏறேக்க மூளைக்கு ரத்தம் காணாமல் போகுது. அதுதான் விழுந்தனீங்கள்."

"மருந்து குடுத்தா தொறக்காதுங்களா?"

"மருந்தால ஏலாது. நெஞ்செலும்பை வெட்டித் திறந்து, இருதயத்தைக் கொஞ்ச நேரம் நிப்பாட்டி வைப்பினம். அந்த நேரம் ஒரு மெசின் ரத்தத்தை ஓட்டும். பழைய வால்வை வெட்டி எடுத்துப்போட்டுப் புதுசு தைப்பினம்."

புதிய வால்வில் இரண்டு வகை இருக்கிறதாம். உலோகத்தில் செய்தது ஆயுள் முழுக்க உழைக்கும். ஆனால் ரத்தம் கட்டிப்போகாமல் இருக்க ஒவ்வொரு நாளும் குளிசை, அதாவது மாத்திரை, போட்டு, அடிக்கடி ரத்தம் சோதிக்க வேண்டும். மாட்டின் சவ்வில் செய்தது பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடும். அந்தக் குளிசைத் தொல்லை அதிகம் இல்லை. வயதானவர்களுக்கு அதைத்தான் வைப்பார்களாம். மாடு நமக்குப் பழகிய உயிர்தானே, பரவாயில்லை என்றேன். டொக்டரம்மா சிரித்தார்.

எனக்குப் பயம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது மனது. தொட்டால் தொடுவது தெரியும், அவ்வளவுதான். செல்வி போத்தலில் ரசம் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன். புளிப்பா உறைப்பா என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

பக்கத்துக் கட்டிலில் நாவுலயிலிருந்து வந்த பொடிமெனிக்கே. வயல்காரி. அவளுக்கும் அதே கதவு, அதே சுண்ணாம்பு. தமிழ் ஒரு சொல் தெரியாது. எனக்குத் தோட்டத்துச் சிங்களம் நன்றாகவே வரும். அவளுக்கு எழுபத்தேழு, எனக்கு எழுபத்தாறு என்று முதல் நாளே கணக்குப் பார்த்து என்னை நங்கி, அதாவது தங்கச்சி, என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். அவளுக்கு வாட்டுச் சாப்பாட்டில் நம்பிக்கை இல்லை. தன் மகள் கொண்டுவந்த பலாக்காய்க் கறியில் பாதியை என் தட்டில் போட்டுவிட்டு, சோற்றைப் பார்த்து, "இதை விதைத்தவன் நல்லவனாகத்தான் இருப்பான், அவித்தவன்தான் சரியில்லை" என்பாள்.

வெட்டுவதா வேண்டாமா என்பதை ஒரு டொக்டர் தனியே தீர்மானிப்பதில்லை. வியாழக்கிழமைகளில் இருதய டொக்டர்மார், வெட்டுகிற டொக்டர்மார், மயக்க மருந்து கொடுக்கிறவர்கள் எல்லோரும் கூடி, படங்களைப் பார்த்துப் பேசுவார்கள். அந்த வியாழன் பின்னேரம் டொக்டரம்மா வந்தார். இந்த முறை உட்காரவில்லை.

"அம்மா, உங்களுக்கு ஒப்பரேசன் வேண்டாமெண்டு முடிவெடுத்திருக்கினம். வயசு எழுபத்தாறு. சிறுநீரகமும் கொஞ்சம் களைச்சிருக்கு. எழுபத்தஞ்சுக்கு இங்காலயெண்டால் செய்யலாமெண்டுதான் கதைச்சவை. அதுக்கு மேல, மேசையில தாங்குமோ எண்டு பயப்பிடினம். குளிசை தாறம்."

"குளிசை கதவத் தொறக்குமா?"

"இல்லை. மூச்சு வாங்கிறதைக் கொஞ்சம் குறைக்கும்."

"எவ்வளவு நாளைக்குங்க?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். "மயக்கம் வரத் தொடங்கினால் ரெண்டு வருசம். சிலருக்கு மூண்டு."

"அப்படியா," என்றேன். கத்தரிக்காய் விலை கேட்ட மாதிரி.

பொடிமெனிக்கேக்கும் அதே பதில்தான். அவளுக்குச் சிங்களத்தில் சொன்னார்கள். அவள், "நல்லது, அறுப்புக்கு வீட்டுக்குப் போய்விடலாம்" என்றாள்.

சனிக்கிழமை மகன் சந்திரன் வந்தான். தம்புள்ளை மரக்கறிச் சந்தையில் ஒரு கடையில் தராசுக்கு நிற்பவன், வாரத்துக்கு ஒரு தடவைதான் வருவான். செல்வியும் கூட வந்திருந்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். அவன் முகம் வேறு மாதிரி ஆனது.

"யாரு சொன்னா எழுபத்தாறுன்னு?"

"நான்தான் சொன்னேன்."

"ஒனக்கு எழுபத்தொண்ணு தானம்மா?"

"ஐசில எழுபத்தாறு."

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. அடையாள அட்டையைத்தான் நாங்கள் ஐசி என்போம். எனக்குப் பிறப்புப் பதிவு கிடையாது. தோட்டத்தில் அந்தக் காலத்தில் பலருக்கு இல்லை. எனக்குப் பதினொரு வயதில் அப்பா செத்துப்போனார். சிறுபிள்ளைக்கு அரைப் பேர், அதாவது பாதிச் சம்பளம்தான் போடுவார்கள். முழுப் பேர் போட்டால்தான் வீட்டில் அடுப்பெரியும். நான் வளர்த்தியாக இருந்தேன். அம்மா என்னைக் காலையில் பெரட்டுக் களத்தில், வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தில், கணக்கப்பிள்ளை முன் நிறுத்தி, "பதினாறு முடிஞ்சிருச்சுங்க" என்றாள். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். பிறகு பிரஜாவுரிமை, அட்டை என்று வந்தபோது, தோட்டத்துச் செக்ரோலில், வேலையாட்களின் பதிவேட்டில், இருந்த அந்த வயதை வைத்துத்தான் உத்தேச வயதுச் சான்றிதழ் எழுதினார்கள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். அம்மாவின் புளுகு அறுபது வருஷம் ஓடிவிட்டது.

சரி, ஆஸ்பத்திரியிலாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சில வருஷத்துக்கு முன் சந்திரனோடு தம்புள்ளைக்குப் பஸ்ஸில் போனபோது சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். அட்டையை வாங்கிப் பார்த்தவன் வயது என்ன என்று கேட்டான். எனக்குத் தெரிந்த வயதைச் சொன்னேன். அட்டை இலக்கத்தின் முதல் இரண்டு எண்ணும் பிறந்த வருஷம். அவன் எண்ணிப் பார்த்தான். ஐந்து வருஷம் இடித்தது. இது யாருடைய அட்டை, உண்மையான ஆள் எங்கே என்று எங்கள் இரண்டு பேரையும் தனியே நிறுத்தி மாறி மாறிக் கேட்டார்கள். பஸ் போய்விட்டது. பொழுது சாயத்தான் விட்டார்கள். சந்திரனின் கன்னத்தில் விரல் தடம் இருந்தது. அன்றிலிருந்து பெயர், விலாசம், வயது மூன்றையும் யார் கேட்டாலும் அட்டையில் உள்ளபடி ஒப்பிக்கப் பழகிக்கொண்டேன். வாட்டு மிஸ் கேட்டபோதும் அதேதான் வாயில் வந்தது. இருதயத்துக்குக் கேட்கிறாள் என்று யோசிக்கவே இல்லை.

"நான் போயி டொக்டர்ட்ட சொல்றேன்," என்றான் சந்திரன்.

"வேணாம். எழுதியாச்சு. மாத்திச் சொன்னா எதுக்கு மாத்துறேன்னு கேப்பாங்க. வாசல்ல போலீஸ்காரன் நிக்கிறான்."

"டொக்டரு போலீஸ் இல்லம்மா."

"பேப்பரு ஒண்ணுதானடா."

அவன் எழுந்து வராந்தாவுக்குப் போனான். எனக்கு அவன்மேல் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. வீட்டுக்குப் போனால் படுக்கலாம் என்று மட்டும் இருந்தது. செல்வி சீப்பை எடுத்து என் தலையை வாரத் தொடங்கினாள். நான்கு நாளாகச் சிக்குப் பிடித்த தலை. இழுக்காமல், நுனியிலிருந்து பிரித்துப் பிரித்து வாரினாள்.

"மாமி, ஐசிய விடுங்க. டொக்டர விடுங்க. ஒங்களுக்கு இன்னும் இருக்கணும்னு இருக்கா, இல்லையா? அத மட்டும் எனக்குச் சொல்லுங்க."

இப்படி ஒரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. வேலைக்குப் போ என்றார்கள், போனேன். கட்டிக்கொள் என்றார்கள், கட்டிக்கொண்டேன். செல்விக்கு நான் பதில் சொல்லவில்லை. அவளும் திரும்பக் கேட்கவில்லை. பின்னலை முடித்து ரப்பர் வளையம் போட்டுவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை காலை டொக்டரம்மா டிக்கட்டை எடுத்தார். நோயாளியின் விவரம் எழுதிக் கட்டிலில் தொங்கவிட்டிருக்கும் தாளுக்கு அதுதான் பெயர். வீட்டுக்கு அனுப்பக் கையெழுத்துப் போடப் போகிறார் என்று தெரிந்தது. பேனா மூடியைக் கழற்றினார்.

"டொக்டர், எனக்கு எழுபத்தாறு இல்லீங்க. எழுபத்தொண்ணு."

பேனா நின்றது. "ஏனம்மா அப்ப எழுபத்தாறெண்டு சொன்னனீங்கள்?"

"ஐசில அப்படித்தான் இருக்கு."

அவர் கோபிப்பார் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை. வெள்ளைக் கோட்டின் கழுத்துக்குள் கையை விட்டு ஒரு நாடாவை வெளியே இழுத்தார். அதில் அவருடைய அடையாள அட்டை தொங்கியது. "நித்திரையில எழுப்பிக் கேட்டாலும் நானும் இதில இருக்கிறதைத்தான் சொல்லுவன்," என்றார் மெதுவாக. பிறகு கேட்டார், "எழுபத்தொண்டெண்டு எப்பிடித் தெரியும்?"

"மலேரியாக் காய்ச்சல் ஊரையே அள்ளிட்டுப் போன வருஷம் ஒண்ணு இருந்துச்சு. அதுக்கு அடுத்த வருஷம் நான் பொறந்தேன்னு அம்மா சொல்லும்."

"நிச்சயமோ?"

"நிச்சயம்."

அந்தச் சொல் என் வாயிலிருந்து இவ்வளவு வேகமாக வந்தது எனக்கே புதிது. அவர் டிக்கட்டில் ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதினார். வீட்டுக்கு அனுப்பவில்லை. வியாழக்கிழமைக் கூட்டத்தில் என் படங்களை மறுபடி போட்டார்கள். எழுபத்தொன்று என்றால் செய்யலாம், ஆனால் எல்லோரும் எழும்பி வருவதில்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்றார்கள். "செய்யுங்க," என்றேன். சந்திரன் வருவதற்குக்கூடக் காத்திருக்கவில்லை.

பொடிமெனிக்கே மூச்சு வாங்குவது கொஞ்சம் குறையட்டும் என்று அந்த வாரமும் வாட்டில்தான் இருந்தாள். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். டொக்டரம்மாவிடம் என்ன சொன்னாய் நங்கி என்று கேட்டாள். மறைக்கத் தோன்றவில்லை. சிங்களத்தில் சொன்னேன்.

"நான் பிறந்த மூன்றாம் நாளே எங்கள் அப்பா வண்டி கட்டிக்கொண்டு போய்ப் பதிந்தார். நாள், நேரம், எல்லாம் சரியாக எழுதியிருக்கிறது," என்றாள். "ஒரு நாள்கூடக் குறைக்க முடியாது."

அதில் பொறாமை இல்லை. மழை வருமா வராதா என்று பேசுகிற குரல். மறுநாள் மகளோடு நாவுலவுக்குப் போய்விட்டாள். போகும்போது வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த தலையணையை என் கட்டிலில் போட்டு, "வெட்டின பிறகு இருமும்போது நெஞ்சோடு கட்டிப் பிடித்துக்கொள், அந்த மிஸ் சொன்னாள்" என்றாள். அது உண்மைதான். இருதயம் வெட்டிக்கொள்ளப் போகிறவர்கள் ஒரு நல்ல தலையணை கொண்டுபோங்கள்.

வரிசை வர இரண்டு மாதம் ஆனது. ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். தோட்டத்துப் பையன்கள் சோதனைகளை நினைத்துக் கண்டிக்கு வரப் பயந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. தம்புள்ளையில் சந்திரனோடு மூட்டை தூக்குகிற இரண்டு சிங்களப் பையன்கள் வந்து கொடுத்தார்கள். கொடுத்த கையோடு லொறி ஏறிப் போய்விட்டார்கள். என் உடம்பில் இப்போது முட்டைக்கோவா வாசம் அடிப்பதாகச் செல்வி கேலி செய்வாள்.

ஒப்பரேசனைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. குளிரான அறை, வெளிச்சம், ஒன்றிலிருந்து எண்ணச் சொன்னார்கள். ஐந்து வரைக்கும் போனேனா தெரியவில்லை. எழும்பியபோது தொண்டைக்குள் குழாய். பேச முடியாது. நெஞ்சின்மேல் யாரோ அம்மிக்கல்லை வைத்து மறந்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. வலிதான். மாதக்கணக்காக எதுவும் உறைக்காமல் கிடந்த எனக்கு அந்த வலி பெரிய விஷயமாக இருந்தது. கண்ணாடிக்கு அப்பால் சந்திரன் ஷொப்பிங் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். கையைத் தூக்கிக் காட்டினேன். அவன் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டான்.

மூன்றாம் மாதம் மேடு ஏறினேன். நான்காம் மாதம் நெத்தலியோடு ஏறினேன்.

நாவுல, சந்திரன் வேலைக்குப் போகிற பாதையில்தான் இருக்கிறது. ஒரு நாள் இறங்கிப் பொடிமெனிக்கேயைப் பார்த்துவிட்டு வா என்று, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அனுப்பினேன். அவன் பழத்தைத் திரும்பக் கொண்டுவரவில்லை. அவள் செத்து மூன்றாம் மாதம் பிக்குமாருக்குக் கொடுக்கிற தானத்துக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தார்களாம், அங்கேயே கொடுத்துவிட்டு வந்தான். களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாளாம். அன்றைக்குத்தான் அழுதேன். வியாதி தொடங்கி முதல் தடவை. தையல் போட்ட எலும்பு வலிக்க வலிக்க, நிறுத்த முடியாமல் அழுதேன்.

அந்த வருஷக் கடைசியில் என் தம்பி மாணிக்கத்திடமிருந்து கடிதம் வந்தது. இரண்டு அரசாங்கமும் எங்கள் ஆட்களைப் பங்கு போட்ட ஒப்பந்தக் காலத்தில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவன், நீலகிரிப் பக்கம் இருக்கிறான். எனக்குப் பிழைப்புக் கொடுத்தது மலேரியா வருஷம்தான் என்று நான் பெருமையாக எழுதியிருந்தேன். அவன் எழுதியிருந்தான்: "அக்கா, காய்ச்சலுக்கு அடுத்த வருஷம் பிறந்தது நான். நீ அப்போதே நடந்து திரிந்தாய், என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு கீழே போட்டாய் என்று அம்மா சொல்லிச் சிரிப்பாளே, மறந்துவிட்டாயா?"

மறக்கவில்லை. அம்மா எங்கள் ஆறு பேரின் வருஷத்தையும் ஒன்றோடொன்று கலந்துதான் சொல்வாள். ஒருநாள் அவனை, ஒருநாள் என்னை. எனக்கு எழுபத்தொன்றாக இருந்திருக்கலாம், எழுபத்து நாலாக இருந்திருக்கலாம், அந்தக் கணக்கப்பிள்ளை எழுதியதே சரியாகவும் இருந்திருக்கலாம். டொக்டரம்மா நிச்சயமோ என்று கேட்ட அந்த நேரத்தில் இது எனக்குத் தெரியும். இருக்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. அவ்வளவு ஆசை எனக்குள் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. செல்விக்குச் சொல்லாத பதில் அதுதான்.

போன மாதம் கிளினிக்குக்குப் போனேன். பழைய கொப்பி முடிந்து புதியது எழுதினார்கள். புதிய மிஸ். பெயரைக் கேட்டாள், சொன்னேன். விலாசம் கேட்டாள், சொன்னேன். வயது கேட்டாள். தம்பியின் கடிதத்தை வாசித்த செல்வி பக்கத்தில்தான் நின்றாள். அவள் என்னைப் பார்க்கவில்லை, சுவரில் ஒட்டியிருந்த இருதயப் படத்தைப் பார்த்தாள்.

"எழுபத்திரண்டு," என்றேன்.